பிரசரும் அதிரீனல் கட்டியும்: கிளினிக் வாங்கில் கேட்ட கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்து மருத்துவ கிளினிக்குகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என் பெரியக்காவுக்கு அதிரீனல் சுரப்பியில் கட்டி இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஆறு வருடம் பிடித்தது. அந்த ஆறு வருடமும் நான் அவ பக்கத்தில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்களில் இருந்து ஆட்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். டொக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அதிரீனல் சுரப்பி எங்கே இருக்கிறது? கிட்னியும் அதுவும் ஒன்றா?

இல்லை. ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி போட்டதுபோல ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அதிரீனல். நிறை 4 அல்லது 5 கிராம், ஒரு தேக்கரண்டி சீனி அளவுதான். அதன் வெளிப்பகுதி மேற்பட்டை. உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும் அல்டொஸ்தெரோன், சீனியையும் நோய் எதிர்ப்பையும் நடத்தும் கோட்டிசோல் ஆகிய ஓமோன்கள் அங்கே சுரக்கின்றன. உள்ளே இருப்பது மையவிழையம். அதிரினலினும் நோரதிரினலினும் அங்கே உண்டாகின்றன.

படுவான்கரையில் வயல் காவலுக்குப் போனவர்களுக்கு அதிரினலின் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. இருட்டுக்குள் யானை பிளிறினால் நெஞ்சு அடிக்கும், கை குளிரும், உடம்பு வியர்க்கும், கால் தன்பாட்டில் ஓடும். உயிரைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை அது. மையவிழையத்தில் கட்டி வந்தவருக்கு யானை இல்லாமலே அத்தனையும் நடக்கும். வீட்டுக்குள், பாயில் படுத்திருக்கும்போதும் நடக்கும்.

கட்டி என்றால் கான்சரா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் "கான்சர் இல்லை, அப்போ பயமில்லை" என்றும் இருந்துவிடக் கூடாது. இந்தக் கட்டிகளின் ஆபத்து அவை சுரக்கும் ஓமோனில் இருக்கிறது. அதனால் பிரசர் ஏறும், இதயம் பழுதாகும், பாரிசவாதம் வரும். அதிரினலின் சுரக்கும் கட்டிகளில் பத்தில் ஒன்று போல வேறு இடங்களுக்கும் பரவக்கூடியது. எது பரவும் என்று ஆரம்பத்திலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒப்பரேசனுக்குப் பிறகும் வருடாவருடம் பார்க்கிறார்கள்.

பிரசர் உள்ள எல்லோரும் இதற்குச் சோதிக்க வேண்டுமா?

பிரசர் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு தனிக் காரணம் இருக்காது. அதிரினலின் கட்டியின் பெயர் பியோகுரோமோசைட்டோமா. பிரசர் நோயாளர் 1000 பேரை எடுத்தால் 2 முதல் 6 பேருக்குத்தான் அது இருக்கும். அபூர்வம்தான்.

அல்டொஸ்தெரோன் கூடுவது அப்படி அபூர்வம் அல்ல. பிரசர் உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அது இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு பக்கச் சுரப்பியில் சிறிய கட்டி, மற்றவர்களுக்கு இரண்டு பக்கமும் சுரப்பி மிகையாக வேலை செய்யும். இது இவ்வளவு பேருக்கு இருப்பதால்தான், பிரசர் உள்ள எல்லோருக்குமே இந்தச் சோதனையை ஒரு தடவை செய்யலாம் என்று அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கம் 2025 வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் செய்ய வசதி இல்லாத இடத்தில் யாரை முதலில் பார்ப்பது என்று கேட்டால் என் பதில் இது: இளவயதிலேயே பிரசர் வந்தவர்கள், தண்ணி போகிற குளிசையும் சேர்த்து மூன்று வகைக் குளிசையை ஒழுங்காகக் குடித்தும் 140/90 இற்குக் கீழே வராதவர்கள், இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்கள், விட்டுவிட்டுப் படபடப்பும் தலையிடியும் வருபவர்கள், குடும்பத்தில் இப்படியான கட்டி இருந்தவர்கள்.

"ஒழுங்காகக் குடித்தும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்து கதைத்தால்தான் உண்மை வெளியே வரும். ஒருவர் காலைக் குளிசையை மட்டும் குடிப்பார். இன்னொருவர் முழங்கால் வலிக்கு மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார், அது பிரசரை ஏற்றும். வேறொருவருக்கு மூன்று நேரமும் கருவாடு வேண்டும். இதையெல்லாம் சரி செய்தபிறகும் இறங்காவிட்டால்தான் சுரப்பியைத் தேடவேண்டும்.

எனக்கும் தலையிடி, வியர்வை, படபடப்பு வருகிறது. எனக்கும் அந்தக் கட்டியா?

அந்த மூன்றும் ஒன்றாக, திடீரென்று, அலை அடிப்பதுபோல வந்து போனால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே வருவதற்கு ஆயிரம் காரணம் உண்டு.

அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2004 இல் நாவலடியில் அவவின் வீட்டைக் கடல் எடுத்தது. ஒன்றரை வருடம் கழித்து முதல் தடவை இது வந்தது. திருவலையில் குனிந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. திடீரென்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "புள்ள, நெஞ்சுக்குள்ள மேளம் அடிக்கிற மாதிரி இரிக்கி" என்றா. முகம் சுண்ணாம்பு பூசின சுவர் போல வெளுத்துப் போனது. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. உச்சந்தலை பிளக்கிற தலையிடி. கால் மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கியது. பிறகு களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து தண்ணி கேட்டா.

எல்லோரும் சொன்னோம், கடல் எடுத்த பயம் என்று. நானும் சொன்னேன். கோயிலில் நூல் கட்டினோம். நாற்பது வயது தாண்டியதும், மாதவிடாய் நிற்கிற காலம் அப்படித்தான் என்றார்கள். மாதம் ஒன்று இரண்டு என்று வந்தது கிழமைக்கு மூன்று நாலாகியது. குனிந்தால் வந்தது, பாரம் தூக்கினால் வந்தது, சில நாள் ஒன்றும் செய்யாமலே வந்தது.

அந்த நேரம் நான் கவனிக்கத் தவறிய ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். மாதவிடாய் நிற்கும் காலத்து வெக்கையில் முகம் சிவக்கும். இந்தக் கட்டியால் வரும் அடியில் (இப்படித் திடீரென்று வந்து போவதைத்தான் அடி என்கிறேன்) முகம் அநேகமாக வெளுக்கும், ஏனென்றால் அதிரினலின் தோலுக்குப் போகும் இரத்தக்குழாய்களை இறுக்கிவிடுகிறது. பயத்துக்கு முன்னால் ஒரு நினைவு வரும், ஒரு சத்தம் வரும். அக்காவுக்கு அடி வந்தபிறகுதான் பயமே வந்தது. "ஒண்டையும் நினைக்கல்லகா, தேங்காயத்தான் பாத்திட்டிருந்தன்" என்று அவ எத்தனையோ தடவை சொன்னா. நாங்கள்தான் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் கடலும் சண்டையும் தராத பயம் இல்லை. அந்தப் பயமும் உண்மையான நோய்தான், அதற்கும் வைத்தியம் வேண்டும். ஆனால் பயம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு தடவையாவது, அடி வந்துகொண்டிருக்கும்போதே பிரசரை அளந்து பாருங்கள்.

கிளினிக்கில் அளந்தால் 130/80 தான் வருகிறதே?

அதுதான் இந்த நோயின் களவு. சிலருக்குப் பிரசர் எப்போதும் கூடியே நிற்கும். சிலருக்கு அடி வரும் நேரம் மட்டும் ஏறி இறங்கும். கிளினிக்குக்கு வருவது மாதத்தில் ஒரு நாள், கைப்பட்டி கட்டுவது ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் கட்டி சும்மா இருந்தால் கொப்பியில் நல்ல எண்தான் ஏறும்.

அக்காவின் கொப்பியில் ஆறு வருடமும் அப்படி நல்ல எண்கள். ஒருநாள் நான் அவ வீட்டில் நிற்கும்போதே அடி வந்தது. மிசின் என் பையில் இருந்தது. 228/126, நாடித்துடிப்பு 132. என் கைதான் நடுங்கியது. இருபத்தைந்து நிமிடம் கழித்து அளந்தேன்: 134/84. இரண்டையும் நேரம் போட்டு, "குனிந்து தேங்காய் துருவும்போது, முகம் வெளுத்தது" என்று கிளினிக் கொப்பியின் ஓரத்தில் எழுதினேன். அடுத்த கிளினிக்கில் டொக்டர் அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். "இதை யார் எழுதினது?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் சோதனைக்குக் கடிதம் கிடைத்தது.

ஆகவே எழுதுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், முகம் வெளுத்ததா சிவந்ததா, எத்தனை நிமிடம் நின்றது, அப்போது பிரசர் எவ்வளவு, அடங்கியபிறகு எவ்வளவு. மிசின் வாங்குவதானால் மணிக்கட்டில் கட்டுவதை வாங்காமல் மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள். கைப்பட்டி உங்கள் கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும், சிறிய பட்டி பொய்யாகக் கூட்டிக் காட்டும். மிசின் வாங்க வசதி இல்லாவிட்டால் கிராமத்தில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். அடி வரும்போது யாராவது ஓடிப்போய் எடுத்து வரலாம். நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், கண் இருட்டுதல், வாய் கோணுதல், கை கால் விழுதல் எதுவும் சேர்ந்து வந்தால் அளந்துகொண்டு நிற்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுங்கள்.

படபடப்புக்கு ஒரு குளிசை தந்தார்கள். அதைக் குடித்தபிறகு இன்னும் மோசம். ஏன்?

புரொப்ரனோலோல், அட்டெனோலோல் போன்ற குளிசைகள் பீட்டா தடுப்பிகள். கோடிக்கணக்கான ஆட்களுக்கு நன்மை செய்யும் நல்ல மருந்துகள்தான். ஆனால் அதிரினலின் கட்டி உள்ளவருக்கு அதை மட்டும் கொடுத்தால், இரத்தக்குழாயை விரிக்கும் வழி அடைபட்டு, இறுக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். பிரசர் பாய்ந்து ஏறும். அக்காவுக்கும் ஒரு இடத்தில் படபடப்புக்கு அப்படி ஒன்று எழுதினார்கள். அந்தக் கிழமைதான் அவவுக்கு மிக மோசமான கிழமை. குளிசையால் கூடுகிறது என்பதும் ஒரு தடயம், அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, பீட்டா தடுப்பியைச் சடுதியாக விடுவது இதயத்துக்கு ஆபத்து.

வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோப்ரமைட், மூக்கடைப்புக்கான சில தடிமல் மருந்துகள், ஸ்டெரொயிட் (கோட்டிசோல் போல வேலை செய்யும் மருந்து), மனச்சோர்வுக்கான சில குளிசைகள் ஆகியவையும் இந்தக் கட்டியைக் கிளப்பிவிடும். கட்டி இருப்பது தெரிந்தவர்கள் எந்தப் பாமசியிலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிட்டு மருந்து கேட்க வேண்டும்.

என் மனிசனுக்கு அடி கிடி ஒன்றும் வருவதில்லை. பிரசர் மட்டும் இறங்குதில்லை. கெண்டைக்கால் இழுக்கிறது, இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழும்புகிறார்.

அது மேற்பட்டைக் கட்டியாக இருக்கலாம். இதை மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெரோம் கொன் 1955 இல் விவரித்தார், அதனால் கொன் நோய் என்பார்கள். அல்டொஸ்தெரோன் கூடினால் உடம்பு உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடும். பொட்டாசியம் குறைந்தால் தசை சோரும், இழுக்கும், இதயத் துடிப்பு தடுமாறும், சிறுநீர் கூடும். ஆனால் பொட்டாசியம் சரியாக இருப்பதால் இந்த நோய் இல்லை என்று தள்ளிவிட முடியாது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு அது சாதாரண அளவில்தான் இருக்கும்.

சோதனை இரத்தத்தில்: அல்டொஸ்தெரோன், அதைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகப் பொருளான ரெனின் இரண்டையும் எடுத்து விகிதம் பார்ப்பார்கள். அதற்கு முன் சில குளிசைகளை டொக்டர் சில கிழமைக்கு மாற்றித் தருவார். ஒரு பக்கக் கட்டியா, இரண்டு பக்கமுமா என்று அறிய, இரண்டு சுரப்பியின் நாளத்திலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுக்கும் நுட்பமான பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் என்றால் ஒப்பரேசன், இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரனோலக்டோன் குளிசை. அந்தக் குளிசையால் ஆண்களுக்கு மார்பு நொந்து வீங்கலாம். வெட்கப்பட்டு மறைத்து, குளிசையை எறிந்துவிடுகிறார்கள். சொன்னால் மாற்றுக் குளிசை தருவார்கள். அதோடு, இந்தக் குளிசை பொட்டாசியத்தைக் கூட்டும். கிட்னி பலவீனமானவர் இதைக் குடித்துக்கொண்டு தினம் இளநீரும் குடித்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இரத்தம் சோதிக்கச் சொன்ன நாளில் சோதியுங்கள்.

ஒரு கேள்வி நான் திருப்பிக் கேட்பேன்: வீட்டில் அதிமதுரம் பாவிக்கிறீர்களா? இருமலுக்கு அதிமதுரக் கசாயம் நம் வீடுகளில் சாதாரணம். இரண்டு மூன்று நாள் குடிப்பதைச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் தினமும் குடித்தால் அது கொன் நோய் போலவே பிரசரை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். டொக்டரிடம் நாட்டு மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று மறைத்தால் இல்லாத கட்டியைத் தேடி அலைய வேண்டி வரும்.

முகம் வட்டமாகி, வயிறு வைத்து, கை கால் மெலிவதும் இதில் சேருமா?

சேரும். கோட்டிசோல் கூடினால் அப்படி. தோல் மெலிந்து இலேசாகக் கண்டிப்போகும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும், தொடைத் தசை சோர்ந்து பாயில் இருந்து கை ஊன்றாமல் எழும்ப முடியாது, பிரசரும் சீனியும் சேர்ந்து ஏறும். ஆனால் கட்டியால் இப்படி வருவதைவிட மருந்தால் வருவதுதான் அதிகம். மூட்டு வாதத்துக்கும் இளைப்புக்கும் பெயர் எழுதாத கடதாசிப் பைக்குள் "நல்லாக் கேட்கிற குளிசை" வாங்கி வருடக்கணக்கில் குடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அதில் ஸ்டெரொயிட் இருந்தால் உடம்பின் சொந்தச் சுரப்பி தூங்கிவிடும். இதைக் கேட்டுப் பயந்து ஒரே நாளில் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. குளிசையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

24 மணித்தியாலச் சிறுநீர் சேர்க்கச் சொன்னார்கள். எப்படிச் சேர்ப்பது?

இதில்தான் அதிகம் பிழை நடக்கிறது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். காலை 6 மணிக்குத் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். 6 மணிக்குப் போகும் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு பகலும் இரவும் போகும் ஒவ்வொரு துளியும் போத்தலுக்குள். மறுநாள் காலை 6 மணிக்குப் போவதும் போத்தலுக்குள். அத்தோடு முடிவு. இடையில் ஒரு தடவை மறந்து கொல்லைக்குள் விட்டுவிட்டால் ஆய்வுகூடத்தில் மறைக்காதீர்கள், திரும்பச் சேர்க்கலாம். போத்தலுக்குள் கொஞ்சம் அமிலம் விட்டுத் தந்திருந்தால் அழுக்கு என்று கழுவி ஊற்ற வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நேராக அதற்குள் போகாமல் வேறொரு பாத்திரத்தில் எடுத்து ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் நிழலான குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வேலைக்கும் கல்யாண வீட்டுக்கும் போகாத ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள்.

அந்தச் சிறுநீரில் மெற்றனெஃப்ரின் என்ற பொருளை அளக்கிறார்கள். அதிரினலின் உடைந்து வருவது அது. அதிரினலின் வந்து போய்விடும், ஆனால் கட்டிக்குள் இது இடைவிடாமல் உண்டாகிக்கொண்டே இருக்கும், அதனால் அடி வராத நாளிலும் பிடிபடும். இரத்தத்திலும் அளக்கலாம். இரத்தம் என்றால் 20, 30 நிமிடம் படுத்திருந்த பிறகு எடுப்பதுதான் சரி. பஸ்ஸில் நின்று வந்து, படியேறி, அவசரத்தில் கையை நீட்டினால் இல்லாத நோயும் இருப்பதாகத் தெரியும். தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் அன்று காலையில் வேண்டாம்.

சோதனையில் ஓமோன் கூடி நிற்பது உறுதியான பிறகுதான் சீ.டி. ஸ்கேன். அக்காவின் கட்டி வலது பக்கத்தில் 5 சென்றிமீற்றர், ஒரு தேசிக்காயை விடப் பெரிது.

வயிற்று நோவுக்கு ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாக அதிரீனலில் கட்டி என்று எழுதியிருக்கிறது. வெட்ட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். இப்படித் தற்செயலாகத் தெரிபவற்றில் அநேகமானவை ஓமோன் சுரக்காத, தொந்தரவு இல்லாத கட்டிகள். ஓமோன் சுரக்கிறதா என்று சோதிப்பார்கள், அளவையும் ஸ்கேனில் தெரியும் தன்மையையும் பார்ப்பார்கள். 4 சென்றிமீற்றருக்கு மேல் என்றால் கூடுதல் கவனம். ஒன்றில் மட்டும் நீங்களும் விழிப்பாக இருங்கள்: அதிரினலின் கட்டி இல்லை என்று உறுதியாகும் முன் ஊசி குத்திச் சதை எடுக்கக் கூடாது. குத்தினால் ஓமோன் வெள்ளமாகக் கொட்டும்.

அதிரினலின் கட்டி ஒப்பரேசனுக்கு ஏன் இரண்டு கிழமை காத்திருக்கச் சொல்கிறார்கள்? அதோடு உப்புச் சாப்பிடவும் சொல்கிறார்களே!

1926 இல் லொசான் நகரில் சேசார் ரூவும் அமெரிக்காவில் சார்ள்ஸ் மேயோவும் முதன்முதலாக இந்தக் கட்டியை வெற்றிகரமாக அகற்றினார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் மேசையிலேயே நோயாளிகள் இறந்தார்கள், ஏனென்றால் கட்டியில் கை பட்டதும் பிரசர் வானத்துக்கு ஏறும், கட்டியை எடுத்ததும் பாதாளத்துக்கு விழும். இதை மாற்றியது ஆயத்தம்தான்.

முதலில் அல்பா தடுப்பி: பீனொக்ஸிபென்சமைன், பிராசோசின், டொக்சாசோசின் போன்றவை. 7 முதல் 14 நாள் அல்லது அதற்கு மேல், அளவைக் கூட்டிக்கூட்டிக் கொடுப்பார்கள். இறுகிக் கிடந்த இரத்தக்குழாய்கள் விரியும். விரிந்த குழாயை நிரப்ப இரத்தத்தில் தண்ணீர் வேண்டும், அதற்குத்தான் உப்பும் நீராகாரமும். அக்காவுக்கு இது பெரிய குழப்பம். ஆறு வருடம் உப்பைக் குறை என்று சொன்ன அதே நான், உப்புக் கஞ்சியைக் கொண்டுபோய் நீட்டினேன். "இவ்வளவு நாளும் பேசினாய், இப்ப ஊத்தித் தாறாய்" என்று கோபித்தா. டொக்டர் சொன்ன பிறகு, சொன்ன அளவுக்கு மட்டும்தான் இந்த உப்பு. இதயம் பலவீனமானவர்களுக்குக் கணக்கு வேறு. பீட்டா தடுப்பி தேவையென்றால் அல்பா தடுப்பி வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான்.

இந்த நாட்களில் மூக்கு அடைக்கும். நல்ல சகுனம், மருந்து வேலை செய்கிறது. அதற்குத் தடிமல் மருந்து வாங்கிப் போடாதீர்கள். பாயில் இருந்து எழும்பும்போது முதலில் இருங்கள், பிறகு சுவரைப் பிடித்து எழும்புங்கள், இல்லாவிட்டால் கிறுகிறுத்து விழுவீர்கள்.

காத்தான்குடியில் இருந்து ஒரு மகள் கேட்டா: "உம்மா இந்த நிலையிலையும் நோன்பு பிடிக்கணும் எண்டுறாங்க." ஆயத்த நாட்களில் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது மருந்தின் நோக்கத்துக்கே மாறானது. நோயாளி பிறகு நோற்றுக்கொள்ள மார்க்கத்தில் இடம் இருக்கிறது. உம்மாவுக்கு அதை டொக்டரும் மௌலவியும் சொன்னால் மனம் ஆறும். சஷ்டி விரதம் பிடிக்கும் அம்மாமாருக்கும் இதே பதில்தான்.

ஒப்பரேசன் இப்போது அநேகமாகச் சிறிய துளைகள் வழியாகவே நடக்கிறது. முடிந்த முதல் ஓரிரு நாள் பிரசரும் சீனியும் கீழே விழலாம், அதனால் விசேட கண்காணிப்பில் வைப்பார்கள்.

கட்டியை எடுத்தால் பிரசர் குளிசையை விட்டுவிடலாமா?

எல்லோருக்கும் அப்படி அமையாது. கொன் நோயில் ஒரு பக்கச் சுரப்பியை எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குளிசையே தேவைப்படாமல் போகிறது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் குளிசை குறைகிறது அல்லது அதே குளிசையில் பிரசர் நன்றாக இறங்குகிறது. நெடுங்காலம் உயர் பிரசரில் கிடந்த இரத்தக்குழாய்கள் தடித்துப்போயிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தவருக்குக் கூடுதல் பலன். கோட்டிசோல் கட்டியை எடுத்தவர்களுக்கு, தூங்கிப்போன மறுபக்கச் சுரப்பி எழும்பும்வரை ஹைட்ரோகோட்டிசோன் குளிசை வேண்டும். அதை ஒரு நாளும் தவற விடக்கூடாது.

எனக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமா?

1886 இல் ஜேர்மனியில் பிறைபேர்க் நகரில் 18 வயதுப் பெண் ஒருத்தி இப்படியான அடிகள் வந்து வந்து இறந்துபோனாள். உடலைப் பரிசோதித்த பீலிக்ஸ் பிறாங்கல் இரண்டு அதிரீனலிலும் கட்டி கண்டார். அதிரினலின் கட்டியின் முதல் விவரிப்பு என்று அதைச் சொல்வார்கள். 2007 இல், நூற்றி இருபது வருடம் கழித்து, அவளுடைய குடும்ப வழியில் வந்தவர்களைத் தேடிச் சோதித்தபோது ரெட் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது தெரிய வந்தது. தைரொயிட் கான்சரையும் கொண்டுவரக்கூடிய மாற்றம் அது.

இந்தக் கட்டி உள்ளவர்களில் பத்துப் பேரில் மூன்று நாலு பேர் இப்படிப் பிறப்பிலேயே வந்த மரபணு மாற்றத்தோடு இருக்கிறார்கள். அவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக ஐம்பது வீத வாய்ப்பு உண்டு. ஆகவே குடும்பத்தில் திடீர் மரணம், இளவயதுப் பாரிசவாதம், கழுத்தில் கட்டி, உடம்பெல்லாம் முடிச்சும் பழுப்புத் திட்டும், கிட்னிக் கட்டி இருந்தால் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று அக்கா இதை மறைக்கப் பார்த்தா. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டினோம்.

வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவருக்குப் பிரசர் ஏறினால்?

பெரும்பாலும் அது கர்ப்பகால உயர் பிரசர்தான். ஆனால் 20 கிழமைக்கு முன்பே ஏறினால், அல்லது வெளுத்து வியர்த்து அடியாக வந்து போனால், குடும்பநல மருத்துவ மாதுவிடம் அதை அப்படியே விவரியுங்கள். கண்டுபிடிக்காமல் பிரசவத்துக்குப் போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் பேராபத்து. கண்டுபிடித்து ஆயத்தம் செய்தால் இருவரையும் காப்பாற்ற முடிகிறது.

எங்கே போய்த் தொடங்குவது? கொழும்புக்குப் போகவேண்டுமா?

உங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலை மருத்துவ கிளினிக்கில் தொடங்குங்கள். பிறகு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் கிளினிக்கும் ஒப்பரேசனும் இலவசம். சில சோதனைக்கும் விசேட சிகிச்சைக்கும் கொழும்புக்கு அனுப்பலாம். 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு முழுக்கப் பயணம். போகும்போது கிளினிக் கொப்பி, எழுதிய சீ.ஆர். கொப்பி, ஸ்கேன் படம் (எழுத்து அறிக்கை மட்டும் போதாது), குடிக்கும் குளிசைகள் அத்தனையும் ஒரே பையில். சிங்களத்தில் விளக்கக்கூடிய ஒருவர் கூடப் போனால் நல்லது. அடி வரும் விதத்தைப் பாதி சொல்லிப் பாதி விட்டால் கேட்பவருக்குப் படம் வராது.

உங்கட அக்கா இப்போ எப்படி?

2012 இல் ஒப்பரேசன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தா. முதல் ஒரு மாதம் இரவில் திடுக்கிட்டு எழும்பி, "வரப்போகுது" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வா. வரவில்லை. பிரசருக்கு ஒரு சிறு குளிசை இன்னும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை போத்தலில் சிறுநீர் சேர்த்துக் கொடுக்கிறோம், அது ஆயுளுக்கும்தான்.

போன தைப்பொங்கலுக்கு அவ வீட்டில் நின்றேன். திருவலையில் குந்தி மூன்று தேங்காய் துருவினா. கையைக் கழுவிவிட்டு, கதிரையில் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, பட்டியைக் கட்டி அளந்தா. 128/78. கொப்பியை எடுத்து, நேரத்தையும் போட்டு எழுதினா.